வெள்ளிக்கிழமை காலியாக இருந்தது

அந்த பிஸ்கட் கம்பெனியில் அவருக்குப் பெயர் பாலம். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருந்ததோடு சரி. கேட்டில் நிற்கிற காவலாளியிலிருந்து மாவு பிசையும் பகுதிப் பெண்கள் வரை எல்லோருக்கும் அவர் பாலம் அண்ணன்தான். ஒரு விடுமுறைக்கும் இன்னொரு விடுமுறைக்கும் நடுவே கேட்பாரற்றுக் கிடக்கிற வேலை நாளில் ஒரு லீவைப் போட்டு, அந்தக் கரையையும் இந்தக் கரையையும் சேர்த்துவிடுவார். வியாழன் விடுமுறையா, வெள்ளியைப் போடு, சனி ஞாயிறோடு நாலு நாள் ஆயிற்று. இது என்ன பெரிய வித்தை என்று கேட்பீர்கள். இது வெறும் அரிச்சுவடி. பாலத்தின் கைவரிசையெல்லாம் இதற்கு மேலே.

புதுக் காலண்டர் கைக்கு வந்தால் மற்றவர்கள் படம் பார்ப்பார்கள். இவர் சிவப்பு எழுத்தை மட்டும் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுந்த விடுமுறையைக் கண்டால் யாரோ பாக்கெட்டில் கைவிட்டு எடுத்தது போல வயிறு எரியும். "பாத்தியா அநியாயத்தை! ரெண்டு ஞாயித்துக்கிழமையில போயி விழுந்திருக்கு" என்று வீட்டில் மனைவியிடம் முறையிடுவார். அவள் மருந்துக்கடை கவுண்டரில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவள். "அதுக்கு நான் என்ன பண்ணட்டும், தள்ளி வெக்கச் சொல்லி மனு குடுக்கவா?" என்பாள்.

கம்பெனியில் ஒரு வழக்கம். வருடத்தின் முதல் வேலை நாளன்று சூப்பர்வைசர் தன் அறைச் சுவரில் லீவு சார்ட்டை ஒட்டுவார். முதலில் வந்தவருக்கு முதல் கட்டம். ஆனால் ஒரு பகுதியில் ஒரே நேரத்தில் ஒரு மெக்கானிக்தான் வெளியே போகலாம். பாக்கெட் போடும் மெஷின்களுக்கு மெக்கானிக் இரண்டே பேர். ஒருவர் பாலம். இன்னொருவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர். கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் எண்ணெய்க்கறை படிகிற வேலைக்குத் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வருகிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது? மாப்பிள்ளைக்கும் சேர்த்து லீவு போட்டுக் கொடுப்பது பாலம்தான். "முன்பாதி எனக்கு, பின்பாதி உனக்கு. கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடு" என்பார். மாப்பிள்ளையும் போடுவான். இதுவரை ஒரு முறைகூட அவனுக்கு நஷ்டம் வந்ததில்லை.

சரி, இப்படிப் பிடித்த லீவில் மனுஷன் நிம்மதியாக உட்கார்ந்திருப்பாரா என்றால், அதுதான் கிடையாது. முதல் நாள் காலையிலேயே, இன்னும் இத்தனை நாள்தான் இருக்கிறது என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். இரண்டாம் நாள் அடுத்த லீவு எப்போது என்று காலண்டரைப் புரட்டுவார். கடற்கரைக்குப் போனால் அலையைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்ப்பார். "நீங்க லீவுல இருக்கறதைவிட லீவு போடறதுலதான் சந்தோஷமா இருக்கீங்க" என்று மனைவி ஒரு நாள் சொன்னாள். அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

வருடத்தில் ஆகப் பெரிய பாலம் அக்காவுக்கு. அதில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. அக்கா இருப்பது வேறு ஊரில், பஸ்ஸில் பாதி நாளுக்கு மேல் பிடிக்கிற தூரம். அம்மா இல்லாத வீட்டில் இவருக்குத் தலை சீவி, பித்தான் தைத்து, அடித்து, அணைத்து, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது அவள்தான். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. கணவரும் சில வருடங்களுக்கு முன்னால் போய்விட்டார். திரைச்சீலை தைக்கிற கடையில் வேலை. வீட்டிலும் ஒரு மெஷின் வைத்திருந்தாள். மூலைக்கு மூலை வெட்டிய துணி கிடக்கும். ஒரு தடவை போனால் ஆறு நாள், ஏழு நாள் என்று தங்குவதில் பாலத்துக்கு ஒரு பெருமை. "எல்லாரும் வந்த கையோட ஓடுவான். என் தம்பி வந்தா ஒரு வாரம்" என்று அக்காவும் எதிர்வீட்டு டீச்சரிடம் சொல்லிக்கொள்வாள். மற்றபடி மாதங்கள் கழியும். போனில் பேசிக்கொள்வார்கள்.

இந்த வருடம் அக்காவுக்கு என்று எடுத்து வைத்திருந்தது ஒரு ஆறு நாள். வியாழன் விடுமுறை, அடுத்து வருகிற செவ்வாயும் விடுமுறை. நடுவில் வெள்ளியையும் திங்களையும் போட்டால் இரண்டு லீவுக்கு ஆறு நாள். தங்கம்! அவரிடம் மிச்சம் இருந்ததும் அந்த இரண்டே லீவுதான். அந்தச் செவ்வாயிலிருந்து வாரக் கடைசி வரை மாப்பிள்ளைக்கு. அவன் மனைவி பிள்ளைகளோடு மலைப்பக்கம் போவதாக ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

இந்த நேரத்தில்தான் அக்காவின் போன் வந்தது. பகல் சாப்பாட்டு இடைவேளை. உடைந்த பிஸ்கட் கூடைகளுக்குப் பக்கத்தில் நின்று ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினார்.

"தம்பி, கழுத்துல ஒரு கட்டின்னு சொன்னேன்ல? எடுத்துடணும்கறாரு டாக்டர். எடுத்து சோதிச்சாத்தான் அது என்னன்னு தெரியுமாம். வர்ற புதன்கிழமை ஆபரேஷன். நீ ஒரு நாள் வந்துட்டுப் போறியா?"

"ஒரு நாளா?"

"ஒரே ஒரு நாள் போதும்டா. என்னை உள்ள கூட்டிட்டுப் போறப்ப நீ வெளிய நின்னா போதும். மயக்க மருந்து குடுப்பாங்களாம். எந்திரிக்காமலே போயிட்டா என்ன பண்றதுன்னு மனசுக்குள்ள ஒரு இது."

அக்கா அப்படிக் கேட்கிற ஆளே இல்லை. காய்ச்சலில் கிடந்தாலும் 'லேசா உடம்பு சுடுது' என்பாள். "பாத்துட்டுச் சொல்றேன்க்கா" என்று போனை வைத்த பாலத்துக்கு அன்று மத்தியானம் முழுக்க இருப்புக் கொள்ளவில்லை. மெஷின் பாக்கெட்டின் வாயை ஒட்டுகிற இடத்தில் சூடு கூடிப்போய் உறை பொசுங்கியதைக்கூட பெல்ட் அருகே நின்ற பெண் கத்திய பிறகுதான் கவனித்தார்.

அவர் மனதில் ஓடியதைச் சொல்கிறேன், நியாயத்தை நீங்களே பாருங்கள். புதன்கிழமை என்பது வாரத்தின் நட்டநடு. இந்தப் பக்கமும் ஒட்டாது, அந்தப் பக்கமும் ஒட்டாது. போகவர பஸ்ஸுக்கே நேரம் போய்விடும், அக்கா முகத்தைப் பார்ப்பது அரை நாள். அந்த ஒரு லீவை எடுத்துவிட்டால் மூன்று வாரம் கழித்து வருகிற ஆறு நாள் இடிந்து விழும். அதற்குப் பதில் ஆபரேஷனையே அந்த ஆறு நாளுக்குள் கொண்டு வந்துவிட்டால்? கூடவே இருந்து, கஞ்சி வைத்துக் கொடுத்து, மாத்திரை எடுத்துக் கொடுத்து, பார்த்துக்கொள்ளலாமே! ஒரு நாளுக்குப் பதில் ஆறு நாள். இதைவிட அக்காவுக்கு ஒரு தம்பி என்ன செய்ய முடியும்? மனுஷன் சூதுவாது நினைக்கவில்லை. பாசம்தான். அந்தப் பாசத்தையும் காலண்டரை வைத்து அளந்துதான் அவருக்குப் பழக்கம்.

வீட்டில் சொன்னார். மனைவி தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "ஏங்க, உங்க அக்கா கழுத்துல இருக்கறது என்ன, காலண்டர் பாத்தா வளருது?"

"டாக்டரே ஒரு மாசம் வரைக்கும் தள்ளலாம்னு சொல்லியிருக்காரு. நான் கேட்டுட்டேன்."

"அவங்க என்ன கேட்டாங்க? கூட வந்து நில்லுன்னு கேட்டாங்க. போயி நின்னுட்டு வாங்களேன்."

"உனக்குப் புரியாது."

"எனக்குப் புரியாதுதான்" என்று அவள் தட்டை ஓசையோடு கவிழ்த்தாள்.

அக்காவைச் சம்மதிக்க வைக்க அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. "நீ சொன்னா சரிதான்" என்றாள். ஆஸ்பத்திரிக்கு இவரே போன் போட்டார். அந்த டாக்டருக்கு ஆபரேஷன் நாள் புதனும் வெள்ளியும். "அந்த வெள்ளிக்கிழமை கிடைக்குமா?" என்று பயந்து பயந்துதான் கேட்டார்.

வரவேற்பில் இருந்த பெண் பார்த்துவிட்டுச் சொன்னாள். "முழுக்கக் காலியா இருக்கு சார். எந்த நேரம் வேணும்?"

பாலத்துக்குத் தலைகால் புரியவில்லை. முழு நாளும் காலி! தன்னை விட்டால் இப்படி ஒரு நாளைக் கண்டுபிடிக்க யாரால் முடியும்? மறுநாள் மாப்பிள்ளையைப் பிடித்து வைத்து, ஆபரேஷனையே பாலத்துக்குள் நுழைத்த கதையை இரண்டு தடவை சொன்னார். மாப்பிள்ளை, "நீங்க பெரிய ஆளுண்ணே" என்றான். அதோடு விட்டிருக்கலாம், சூப்பர்வைசரிடமும் போய்ச் சொன்னார்.

அந்த மூன்று வாரம் அக்கா எப்படி இருந்தாள் என்பது அவருக்குத் தெரியாது. தைக்கும்போது கை தானாகக் கழுத்துக்குப் போகும் என்று டீச்சர் பின்னால் சொல்லித்தான் தெரிந்தது.

வியாழக்கிழமை போய் இறங்கினார். அக்கா ஒரு பையில் துண்டு, மாற்றுத்துணி, சீப்பு எல்லாம் எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். கட்டி, பார்த்தவுடன் தெரிகிற அளவுக்கு இருந்தது. பாலம் பயத்தை மறைக்க வளவளவென்று பேசினார்.

வெள்ளிக்கிழமை காலை, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் அக்காவை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கூட்டமே இல்லை. நாற்காலிகள் வரிசையாகக் காலி. நடைபாதையில் பாதி விளக்குகளை அணைத்து வைத்திருந்தார்கள். ஒருவர் மட்டும் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பாத்தியாக்கா, நெரிசலே இல்ல, நம்ம ஒருத்தர்தான்" என்று பாலம் குதூகலமாகச் சொன்னார்.

கவுண்டரில் இருந்த இளம்பெண் திரையைப் பார்த்தாள், இவர்களைப் பார்த்தாள், மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

"டாக்டர் லீவு சார்."

"லீவா? இன்னைக்கா?"

"நேத்து அரசு விடுமுறை, செவ்வாய்க்கிழமையும் விடுமுறை. நடுவுல வெள்ளியும் திங்களும் போட்டுட்டாரு. ஆறு நாள் வருதுல்ல சார்" என்றாள். அவள் குரலில் லேசான பொறாமைகூட இருந்தது. "புதன்கிழமைதான் வருவாரு. உங்களுக்கு மெசேஜ் வந்திருக்கணுமே?"

"எந்த மெசேஜும் வரல. புக் பண்ணிக் குடுத்தாங்களே ஒரு அம்மா, அவங்களைக் கூப்பிடுங்க."

"அவங்களும் லீவு சார்."

பாலம் பேயறைந்தாற்போல் நின்றார். மற்றவன் யாராவது இந்தத் தப்பைச் செய்திருந்தால் மன்னிக்கலாம். நடுவில் கிடக்கிற வெள்ளிக்கிழமை ஏன் காலியாக இருக்கும் என்று ஊருக்கே பாடம் நடத்துகிற ஆள்! காலி என்ற வார்த்தையைக் கேட்டவுடனேயே மூக்கில் வியர்த்திருக்க வேண்டாமா? உலகத்தில் புத்தியுள்ளவன் தான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். டாக்டரிடமும் காலண்டர் இருந்தது.

கத்தினார். மேலதிகாரியைக் கூப்பிடு என்றார். அவரும் லீவில் இருந்தார். அந்தப் பெண் பாவம், இருக்கிற ஒரே புதன்கிழமை இடத்தையும் யாராவது எடுத்துக்கொள்வதற்குள் அக்கா பெயரைப் பதிந்து கொடுத்தாள். அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நாற்காலியில் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததும், "கொஞ்சம் தண்ணி வாங்கிக் குடுடா" என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் கழிந்த நாட்களைப் போல நீளமான நாட்களைப் பாலம் பார்த்ததில்லை. கையைக் காலை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஒழுகாத குழாயைக் கழற்றி மாட்டினார். கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டார். தையல் மெஷினைப் பிரித்துத் துடைத்தார். உட்கார்ந்தால் அக்கா கழுத்து கண்ணில் படுகிறது, எழுந்தால் காலண்டர் கண்ணில் படுகிறது. புதன்கிழமை காலை அவர் வேலையில் இருந்தாக வேண்டும். மாப்பிள்ளை செவ்வாயே கிளம்பிவிடுவான். அந்த லீவைக் கட்டம் கட்டிப் போட்டுக் கொடுத்ததே இவர்தான். இவரும் போகாவிட்டால் மெஷின் நின்றால் தொட ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜன்னலில் ஏறி நின்று திரைச்சீலைக் கம்பியை இறுக்கிக்கொண்டிருந்தார். அது ஆடாமல்தான் இருந்தது.

"இறங்குடா" என்றாள் அக்கா.

"இதோ, ஒரு நிமிஷம்."

"இறங்குன்னு சொன்னேன்."

இறங்கினார்.

"நான் உன்கிட்ட என்ன கேட்டேன்?"

அவர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆறு நாள் கேட்டேனா? ஒரு நாள் கேட்டேன். இத்தனை வருஷத்துல வாய் திறந்து கேட்டது அந்த ஒரு நாள். அன்னைக்கு எப்படியோ மனசைக் கல்லாக்கிட்டுத் தயாரா இருந்தேன். நீ தள்ளிப் போட்டே. திரும்ப மூணு வாரம் ஒவ்வொரு நாளும் தைரியத்தைக் கொஞ்சம் கொஞ்சமா சேத்து வெச்சுக்கிட்டு வெள்ளிக்கிழமை வந்து உக்காந்தேன். அதுவும் போச்சு. இந்த ஆறு நாளை வெச்சுக்கிட்டு நான் என்னடா பண்ணட்டும்? குழாயைக் கழட்டி மாட்டிட்டு இருக்கே. எனக்குப் பயமா இருக்குடா."

"தப்புதான்க்கா" என்றார். வேறு என்ன சொல்வது? அக்காவுக்குக் கோபம் வந்தாலும் நிலைக்காது. கொஞ்ச நேரத்தில் டீ போட்டுக்கொண்டு வந்து நீட்டினாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவளே அவர் துணியை மடித்துப் பையில் வைத்தாள். "நீ கிளம்பு. உன் வேலை போயிடப் போகுது. டீச்சர் கூட வர்றேன்னு சொல்லிட்டா." போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்று இவர் நின்று நின்று பார்த்தார். இருக்கட்டும் என்று இவர் ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று அவளும் பார்த்திருக்கலாம். இருவரும் பஸ் நேரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவர் போய் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுதான். ஆனாலும் முள் மேல் உட்கார்ந்தது போல இருந்தது. காலை நீட்டினார், மடக்கினார். ஜன்னலைத் திறந்தார், மூடினார். பக்கத்தில் இருந்தவர் இரண்டு தடவை முறைத்துவிட்டு மூன்றாவது தடவை, "என்ன சார், வயிறு சரியில்லையா?" என்று கேட்டே விட்டார். 'என்னை உள்ள கூட்டிட்டுப் போறப்ப நீ வெளிய நின்னா போதும்' என்று அக்கா சொன்னது காதுக்குள் நின்றுகொண்டு போகமாட்டேன் என்றது. பாதி வழியில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினார்கள். டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அது ஆறிப்போனது. டிரைவர் ஹாரன் அடித்தார். பாலம் ஏறினார், பையை எடுத்தார், இறங்கினார்.

"சார், வண்டி கிளம்புது" என்றார் கண்டக்டர்.

"நீங்க போங்க. நான் வரல."

ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டு சூப்பர்வைசருக்குப் போன் போட்டார்.

"நாளைக்கு நான் வரல சார்."

"லீவு போட்டிருக்கியா என்ன?"

"இல்ல சார். லீவு ஒண்ணும் மிச்சமில்ல. வரல, அவ்வளவுதான்."

"யோவ், மாப்பிள்ளையும் இல்லை. மெஷின் நின்னா நான் போயி சரி பண்ணவா? நீயே இப்படிப் பண்ணா எப்படி? எழுத்துல விளக்கம் கேப்பாங்க, தெரியும்ல?"

"கேக்கட்டும் சார்."

அடுத்து மாப்பிள்ளைக்கு. அவன் எடுத்ததும் பின்னால் பிள்ளைகள் கூச்சல் கேட்டது. மலையேறுகிற வண்டியில் இருந்தான். விஷயத்தைச் சொன்னார்.

"நீங்களே போட்டுக் குடுத்த லீவுண்ணே இது. இப்ப சூப்பர்வைசர் என்னைத்தான் திரும்பி வரச் சொல்லுவாரு."

"தெரியும்டா."

"பிள்ளைங்ககிட்ட நான் என்ன சொல்றது?"

அதற்கு இவர் பதில் யோசிப்பதற்குள் அவன் வைத்துவிட்டான். அவன் மறுநாள் காலை தேய்த்த சட்டையோடு மலையிலிருந்து இறங்கி வந்து மெஷினைப் பார்த்ததும், பிறகு வெகு நாள் பாலத்தோடு முகம் கொடுத்துப் பேசாததும் நடந்தன. அதில் நான் அவனைக் குறை சொல்லமாட்டேன்.

எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் உட்கார இடமில்லை. பாதி தூரம் நின்றுகொண்டே வந்தார். வேடிக்கை என்னவென்றால், அப்போதுதான் அவர் உடம்பு ஒரு இடத்தில் நின்றது. பாதி ராத்திரிக்கு ஊர் சேர்ந்தவர், அக்காவை எழுப்பாமல் நேராக ஆஸ்பத்திரிக்கே போய்விட்டார். விடிந்து நடமாட்டம் தொடங்கியதும் உள்ளே விட்டார்கள். முகத்தைக் கழுவிக்கொண்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வார்டுக்குப் போனார். மனதுக்குள் ஒரே சந்தோஷம். தன்னைப் பார்த்ததும் அக்கா முகம் எப்படி மலரும் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே போனார்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் பதறவேண்டாம். கட்டி கெட்ட கட்டி இல்லை. பத்து நாள் கழித்து வந்த ரிப்போர்ட் அப்படித்தான் சொன்னது. அக்கா இன்றைக்கும் திரைச்சீலை தைத்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் அந்தப் புதன்கிழமை காலையில் இது யாருக்கும் தெரியாது.

அக்கா ஆஸ்பத்திரி அங்கியில், தலைமுடியைத் துணித்தொப்பிக்குள் திணித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் டீச்சர். ஏதோ சொல்லி இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பாலம் வாசலில் வந்து நின்றார். அக்கா திரும்பினாள். அவள் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துவிட்டது.

"என்னடா? ஏன் வந்தே?"

"சும்மாதான்க்கா."

"டாக்டர் உனக்குப் போன் பண்ணினாரா?"

"இல்லக்கா. அவர் எதுக்கு எனக்குப் பண்றாரு?"

"மறைக்காதே. என்கிட்ட சொல்லாம உன்கிட்ட சொல்லியிருக்காங்க. அதான் போன கையோட திரும்பி வந்திருக்கே." அவள் டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டாள். "கெட்ட கட்டிதானே? இனிமே நான் பிழைக்கமாட்டேன்னு சொல்லிட்டாங்களா?"

"ஐயோ, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லக்கா! உன்னைப் பாக்கணும்னு தோணிச்சு, வந்தேன். வேற எதுவும் இல்ல."

"உனக்கு இன்னைக்கு லீவு இல்லையே."

"இல்லதான்."

"லீவு இல்லாத நாள்ல நீ எனக்காக ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கே. அன்னைக்கு உன் மாமாவை நடு வீட்டுல படுக்க வெச்சிருந்தது."

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாலத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. தைரியம் கொடுக்கலாம் என்று வந்தவர், கடைசியில் பயத்தைத்தான் கொண்டு வந்திருக்கிறார். சும்மா வந்தேன் என்பதை உலகத்தில் யார் சொன்னாலும் நம்புவார்கள், இவர் சொன்னால் சொந்த அக்கா நம்பமாட்டாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வேலையை விட்டுவிட்டு வந்தது, சூப்பர்வைசர் திட்டியது, மாப்பிள்ளை போனை வைத்தது, டீ ஆறிப்போனது என்று எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அழுகை வந்துவிட்டது.

"என் தலையில கை வெச்சுச் சொல்லு. யாரும் உன்கிட்ட எதுவும் சொல்லல?"

துணித்தொப்பியின் மேல் கையை வைத்தார். "சத்தியமா யாரும் எதுவும் சொல்லலக்கா. எனக்குப் பயமா இருந்துச்சு. இருக்க முடியல. வந்துட்டேன்."

நர்ஸ் வந்து கட்டிலின் கம்பியைத் தூக்கிவிட்டாள். நேரமாகிவிட்டது என்றாள். அக்கா அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள், சின்ன வயதில் பொய் சொல்கிறானா என்று பார்ப்பாளே, அப்படி. தொப்பிக்குள்ளிருந்து நழுவிய முடியை உள்ளே தள்ளிக்கொண்டாள். நம்பிவிட்டாள் என்றுதான் தோன்றியது.

"அப்ப நேத்து ஏன்டா போனே?" என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். பாலம் வெளியே நின்றார்.